சலுகை என்னும் சொல்

பிறருக்காக விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது நமக்கு நெடுநாளைய பழக்கம். மதரஸாவில் அரபு ஓதி, பின்னர் தமிழிலும் பட்டம் பெற்றவர்க்கு ஊரார் தாமாகவே தரும் ஊதியமில்லா உத்தியோகம் அது. திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் குறைதீர்வு நாளுக்குச் செல்லவிருப்போர், ஞாயிறு அஸருக்குப் பிறகே நம் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவர். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, குடும்ப அட்டையில் பெயர் சேர்த்தல் என அவை யாவும் ஒரே வார்ப்பில் அடங்குபவை. "ஆவன செய்யுமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்" என்று முடித்துவிட்டால் எழுதியவர்க்கும் நிறைவு, கொண்டு செல்பவர்க்கும் நிறைவு. ஈராண்டுக்கு முன் ஒரு தாய் கேட்ட விண்ணப்பம் மட்டும் அவ்வார்ப்பில் அடங்கவில்லை. அதில் எந்தச் சொல்லை இடுவது என்பதே நமக்குப் பெரும் ஆராய்ச்சியாகிவிட்டது.

அவருடைய மகன் அப்போது திருவண்ணாமலையிலுள்ள ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பில் இருந்தான். ஸுப்ஹுத் தொழுகைக்குப் பின் நம் மக்தபில் ஓதுபவன். தந்தைக்குச் செங்கம் சாலையில் இருசக்கர வண்டி பழுது பார்க்கும் சிறு கடை. தாய் முதலில் விண்ணப்பத்துக்காக வரவில்லை. ஓதிப் பார்க்க வந்தார். நம் ஊரில் மஃரிபுத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வாயிலில் பிள்ளைகளோடு தாய்மார் காத்து நிற்பதைக் காணலாம். இந்துத் தாய்மாரும் அவர்களில் பலர். அந்த வரிசையில் இவரும் நின்றார்.

"ஹஜ்ரத், இவனுக்கு ஏதாவது ஓதிக் குடுங்க. இல்லேன்னா ஒரு தாவீஸாவது எழுதிக் குடுங்க. டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்கன்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்க" என்றார்.

ஓதினோம். அதற்குப் பின், மருத்துவரிடமும் காட்டுமாறு சொன்னோம். நோய்க்கு மருந்து தேடுமாறு பணித்தவர்கள் நாயகம் (ஸல்) அவர்களே என்பதை நம் மக்களுக்கு இன்னும் ஒவ்வொரு முறையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கூடத்தார் கூறிய குற்றங்கள் வருமாறு: இருக்கையில் பத்து நிமிடம் அமர்வதில்லை, கேள்வி முடியுமுன் விடை சொல்கிறான், எழுதத் தொடங்கிய கணக்கைப் பாதியில் விடுகிறான், ஒரு பருவத்தில் மூன்று வடிவியல் பெட்டிகளைத் தொலைத்துவிட்டான், அடுத்த பிள்ளையின் பாடத்தையும் கெடுக்கிறான். ஜூன் மாதத்தின் பெரும்பகுதியை அவன் வகுப்பறைக்கு வெளியே நின்றே கழித்திருக்கிறான். வீட்டிலும் இதே நிலைதான் என்று தாய் ஒப்புக்கொண்டார். "வேணும்னு செய்யலைங்க ஹஜ்ரத். செஞ்சுட்டு அவனே அழுவுறான்" என்று அவர் சொன்னது நம் நெஞ்சில் தங்கிவிட்டது.

இத்துணைக் குற்றங்களையும் சுமந்த அச்சிறுவன் நம் மக்தபில் ஒரு தொல்லையாக இருந்ததே இல்லை. அது நம் திறமை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், உண்மை அதுவன்று. மக்தபின் முறையே அப்படி. அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி சபக். ஒருவன் அலிஃப் பாவில் இருப்பான். மற்றொருவன் அம்ம ஜுஸ்வை முடித்திருப்பான். ஒருவர் பின் ஒருவராக உஸ்தாதின் முன் வந்து ஒப்புவித்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஓதும்போது உடலை முன்னும் பின்னும் அசைத்து, வாய்விட்டு ஓதுவதே வழக்கம். அசையாமல், ஓசையின்றி, நாற்பது பேரும் ஒரே பக்கத்தை ஒரே நேரத்தில் நோக்க வேண்டும் என்ற விதி அங்கே கிடையாது. ஐந்து நிமிடப் பாடம், எழுந்து நடை, மீண்டும் ஐந்து நிமிடம். பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களும் ஏறத்தாழ இப்படித்தான் நடந்தன. சென்னையில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியொன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், மாணவனைக் கொண்டே மாணவனுக்குப் பயிற்றும் முறையை 1797 இல் லண்டனில் நூலாக்கி வெளியிட, அது மதராஸ் முறை என்ற பெயரோடு இங்கிலாந்தில் பரவியதும் உண்டு. எனினும் பழமையைப் போற்றுகிறோம் என்று வாசகர் கருதிவிட வேண்டாம். பிரம்பு செழித்திருந்த இடமும் அந்தத் திண்ணைதான்; மக்தபுகளும் அதில் பின்தங்கியவையல்ல. பிள்ளைகளிடம் கடுமை காட்டினால் அவர்கள் பொய்யையும் சூதையும் கற்றுக்கொள்வர் என்று இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் எச்சரித்தது 14 ஆம் நூற்றாண்டில். பாடம் முடிந்த பிள்ளையை விளையாட விடாமல் ஓயாது கற்பிப்பது அவன் உள்ளத்தைச் சாகடித்துவிடும் என்ற கருத்தை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எழுதியது அதற்கும் முன்னர். அவற்றை ஓதிக் கொடுத்த கையிலேயே பிரம்பும் இருந்தது என்பதுதான் வேதனை.

மருத்துவர் சொன்ன பெயர் ஏ.டி.எச்.டி. கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்று தமிழில் எழுதுகின்றனர். பெயர் நீளமாக இருந்தும் பொருள் முழுமையாக விளங்கவில்லை. கவனம் குறைவு என்பதினும், கவனம் தன் வசத்தில் இல்லாமை என்பதே நாம் கண்டதற்குப் பொருந்தும். தந்தையின் கடையில் ஒரு சங்கிலியைக் கோக்க அரை மணி நேரம் குனிந்தபடி இருப்பவன், பத்து வரிக் கட்டுரையின் மூன்றாம் வரியில் எழுந்துவிடுகிறான். இதைக் காண்பவர் 'மனமிருந்தால் முடியும், இவனுக்கு மனமில்லை' என்று தீர்ப்பளிப்பது இயல்பே. அத்தீர்ப்பை மருத்துவ உலகமே ஒரு காலத்தில் அளித்திருந்தது. 1902 இல் லண்டன் மருத்துவக் கல்லூரியொன்றின் சொற்பொழிவுகளில் இத்தகைய பிள்ளைகளை விவரித்த ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், இதனை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றே அழைத்தார். 1980 இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு கவனத்தை முன்னிறுத்திப் பெயரிட்டது. இப்போதைய பெயர் 1987 இல் வந்தது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2007 இல் வெளியான கணக்கு, நூறு பிள்ளைகளில் ஐவர்க்குச் சற்று மேல் என்கிறது. கோயம்புத்தூரில் நான்கு பள்ளிக்கூடங்களில் நடந்து 2013 இல் வெளியான ஆய்வில் அது 11 விழுக்காட்டைத் தாண்டியது. குறைந்த கணக்கையே கொண்டாலும் நாற்பது பேர் வகுப்பில் இருவர். ஆகவே வகுப்புக்கு வெளியே நிற்பவன் ஒருவன் என்றால், உள்ளே சத்தமின்றி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பவள் ஒருத்தியும் இருக்கக்கூடும். துள்ளாத பிள்ளைகளுக்கும் இக்குறைபாடு உண்டு, பெண் பிள்ளைகளிடம் அது பெரும்பாலும் கவனிக்கப்படாமலே போகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இத்தகைய பிள்ளைகளைப் பற்றி எழுதுவோரும் திரைப்படம் எடுப்போரும் இறுதியில் அவர்களிடம் ஒரு மேதைமையைக் கண்டுபிடித்துக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. ஓவியம் தீட்டுவான், அல்லது இயந்திரம் செய்வான். நாம் கூறும் சிறுவன் மேதையல்லன். சங்கிலி கோப்பதும் அவன் தந்தை கற்பித்த அளவுக்குத்தான். மேதையாக இருந்தால்தான் வகுப்பறையில் இடம் என்றால், நம்மில் எத்தனை பேர் படித்திருப்போம்?

நோயறிவதிலேயே ஒரு முட்டுக்கட்டை நேர்ந்தது. இக்குறிகள் 12 வயதுக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும், வீடு பள்ளிக்கூடம் என இரு சூழல்களிலேனும் காணப்பட வேண்டும் என்பது 2013 ஆம் ஆண்டுக் கையேட்டின் விதி. ஆதலால் மருத்துவர் வகுப்பாசிரியர் நிரப்ப வேண்டிய வினாத்தாள் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அது மூன்று வாரம் கழித்து வெறுமையாகவே திரும்பியது. நிரப்பினால் பள்ளிக்கூடம் பொறுப்பேற்க நேரும் என்று எவரோ அஞ்சியிருக்கிறார்கள். பிள்ளையைப் பற்றிய புகார்களை நாட்குறிப்பில் பக்கம் பக்கமாக எழுதியவர்களுக்கு, அதே செய்தியை மருத்துவர் கேட்ட கட்டங்களில் குறியிட்டுத் தர மனம் வரவில்லை. பிறகு தாய் அந்த நாட்குறிப்பையே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அதில் இல்லாதது எதுவுமில்லை.

இனி விண்ணப்பத்துக்கு வருவோம். கேட்க வேண்டியவை எவை என்பது மருத்துவரின் குறிப்பில் தெளிவாக இருந்தது. முன் வரிசையில், சாலையை நோக்கிய ஜன்னலுக்கு அப்பால் இடம். வாய்மொழியாகச் சொல்லும் பணியைப் பலகையிலும் எழுதுதல். இருபது கணக்கை ஒரே மூச்சில் தராமல் ஐந்தைந்தாகப் பிரித்துத் தருதல். நோட்டுகளை விநியோகிப்பது, பலகையைத் துடைப்பது போன்ற வேலைகளைக் கொடுத்து, எழுந்து நடக்க முறையான வழி செய்தல். தேர்வைச் சந்தடியற்ற அறையில் கூடுதல் நேரத்தோடு எழுதவிடுதல். தாயிடம் ஏற்கெனவே ஒருவர் எழுதிக் கொடுத்த நகல் இருந்தது. 'என் மகனின் நிலையைக் கருதிக் கருணையுடன் சில சலுகைகள் வழங்கி' என்று அது தொடங்கியது. அச்சொல் நம்மை உறுத்தியது.

சலுகை என்றால் என்ன? கொடுப்பவர் மேலிருந்து கொடுப்பது, கொடுக்காவிட்டாலும் குற்றமில்லாதது, பெறுபவர் தலை குனிய வேண்டியது, பெறாதவர் பொறாமை கொள்ளத்தக்கது. ஒரு பிள்ளைக்குச் சலுகை என்றவுடனேயே மற்ற முப்பத்தொன்பது பிள்ளைகளுக்கு அநீதி என்ற எண்ணம் கேட்பவர் மனத்தில் தானே எழுந்துவிடுகிறது. ஃபிக்ஹு ஓதியவர்களுக்கு இதனினும் துல்லியமான சொல்லொன்று தெரியும். ருக்ஸத். நம் ஊர் உருதுக்காரர்கள் விடைபெறுவதற்கு இச்சொல்லை வழங்குவர். அரபியில் அதன் வேர் எளிமை, மென்மை என்ற பொருள்களைத் தாங்கியது. சட்டத்தின் இயல்பான நிலை அஸீமத். இயலாமை குறுக்கிடும்போது அதே கடமைக்குச் சட்டமே வகுத்துத் தரும் மாற்று வடிவம் ருக்ஸத். மூல நோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழவும், இயலாவிடில் அமர்ந்து தொழவும், அதுவும் இயலாவிடில் படுத்துத் தொழவும் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். தொழுகை தள்ளுபடியாகவில்லை, அதன் வடிவம் அவருடைய உடலுக்கேற்ப அமைந்தது.

பயணியின் தொழுகையில் இது மேலும் நுட்பமாகிறது. ஷாஃபிஈ மத்ஹபில் நான்கு ரக்அத்தைப் பயணி இரண்டாகச் சுருக்கிக்கொள்ள அனுமதி உண்டு. நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபிலோ அது அனுமதி என்ற அளவில் நிற்பதில்லை. பயணி இரண்டாகவே தொழுதாக வேண்டும். ஏனெனில் அவ்விரண்டே அவருக்கு முழுத் தொழுகை. சென்னைக்குப் போய்த் தங்கியிருப்பவர் இரண்டு ரக்அத் தொழுதார் என்பதற்காக, வீட்டிலிருக்கும் அண்டை வீட்டார் எவரும் எனக்கும் இரண்டு போதும் என்று வழக்காடியதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

ஆயினும் நம் உள்ளத்தில் முதலில் தோன்றிய எடுத்துக்காட்டு இவை இரண்டுமல்ல. கண்பார்வையற்ற ஸஹாபியான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் வரலாறு. அவர்கள் பொருட்டு அருளப்பட்ட 'அபஸ' அத்தியாயத்தை எல்லா மேடைகளிலும் பேசுகிறோம். அதன் பின் அவர்கள் என்னவானார்கள் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. மதீனாவில் பாங்கு சொல்வோராக நியமிக்கப்பட்டார்கள். ரமளானில் பிலால் (ரலி) அவர்கள் இரவிருக்கும்போதே ஒரு பாங்கு சொல்வார்கள். நோன்பாளிகள் உணவை நிறுத்த வேண்டிய பாங்கு இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களுடையது. வைகறை வெளுப்பைக் கண்ணால் கண்டு சொல்ல வேண்டிய பணி, கண்ணில்லாதவரிடம்! பொழுது புலர்ந்துவிட்டது என்று பிறர் அவர்களுக்கு எடுத்துச் சொல்வார்கள். அதன்பின் அவர்கள் பாங்கு சொல்வார்கள். வைகறையின் நேரம் அவர்களுக்காக ஒரு நொடியும் தள்ளிவைக்கப்படவில்லை. அதை அறியும் வழி மட்டும் மாற்றப்பட்டது. இன்றைய சட்டங்கள் ஆங்கிலத்தில் நீண்ட பெயரிட்டு அழைக்கும் ஏற்பாடு இதுவேயன்றோ?

அச்சட்டத்தையும் வாங்கிப் படித்தோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையிலுள்ளது. ஒருவருடைய தேவைக்கேற்ப, மிகையான சுமையாகாத வகையில் செய்துதர வேண்டிய பொருத்தமான மாற்றங்களை அது வரையறுக்கிறது. அம்மாற்றங்களை மறுப்பதே பாகுபாடு என்றும் கூறுகிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகியவை 17 ஆம் பிரிவில் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டுள்ளன. ஆனால் அரசு நிதி பெறும் பள்ளிக்கூடங்களுக்கும் அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கூடங்களுக்கும் பொதுவான 16 ஆம் பிரிவு, அவை இவற்றைச் செய்ய அரசு 'முயல வேண்டும்' என்ற வினையோடு நிற்கிறது. உஸூலில் ஏவலின் தன்மையை ஆராய்ந்து பழகியவர்க்கு இச்சொல் உடனே கண்ணில் படும். கட்டாயம் உணர்த்தும் ஏவல் வேறு, விரும்பத்தக்கதை உணர்த்தும் ஏவல் வேறு.

இன்னொரு குறை இதனினும் பெரிது. இச்சட்டத்தின் அட்டவணையில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. கற்றல் குறைபாடு இருக்கிறது, ஆட்டிசம் இருக்கிறது, மனநோய் இருக்கிறது. ஏ.டி.எச்.டி. என்ற பெயர் தனியே இல்லை. வியப்பு யாதெனில், இதே மத்திய அரசு 2013 இல் தொடங்கிய ராஷ்டிரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்னும் குழந்தைகள் நலத் திட்டத்தில், கண்டறிய வேண்டியவை என்று பட்டியலிடப்பட்ட 30 நிலைகளில் 29 ஆவதாக அப்பெயர் இடம்பெற்றுள்ளது. மருத்துவக் குழு பள்ளிக்கூடத்துக்கு வந்து பிள்ளையைக் கண்டறியும். மாவட்ட மையத்துக்கு அனுப்பும். கட்டணமின்றிச் சிகிச்சையும் உண்டு. அச்சீட்டோடு சான்றிதழ் கேட்டுச் சென்றால் அங்கே அவனுக்குரிய கட்டம் இல்லை. அமெரிக்காவிலும் இந்நிலை இருந்ததுதான். 1973 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 504 ஆவது பிரிவு இப்பிள்ளைகளுக்கும் பொருந்துமா என்ற ஐயம் நீடிக்க, 1991 செப்டம்பரில் அந்நாட்டுக் கல்வித்துறை ஒரு விளக்கக் கடிதத்தின் வாயிலாகப் பொருந்தும் என்று தெளிவாக்கியது. ஒரு கடிதம் போதுமானதாயிருந்தது.

இங்கே பெற்றோர் அண்டை வாசல் வழியே நுழைகின்றனர். ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகள் பலர்க்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்தே இருப்பதுண்டு. அவர்களுக்கு அப்பெயரில் சான்றிதழ் கிடைக்கும். 2018 ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகள் அதை எட்டு வயதில் தொடங்கி, 14 வயதிலும் 18 வயதிலும் மீண்டும் சோதிக்கச் சொல்கின்றன. நம் சிறுவனோ தமிழையும் ஆங்கிலத்தையும் பிழையின்றிப் படிக்கிறான். சோதித்தவர்கள் கற்றல் குறைபாடு இல்லை என்று எழுதிவிட்டார்கள். மகனுக்கு ஒரு குறை இல்லை என்று கேட்டுத் தாய் கண் கலங்கியதை அன்றுதான் கண்டோம்.

எஞ்சியிருந்த வழி சட்டத்தின் வரையறைப் பிரிவு. நீண்டகால உடல், மன, அறிவு, புலன் சார்ந்த குறை ஒன்று, சுற்றியுள்ள தடைகளோடு சேர்ந்து, ஒருவர் பிறர்க்கு நிகராகப் பங்கேற்பதைத் தடுக்குமாயின் அவர் மாற்றுத்திறனாளியே என்னும் கருத்தில் அது விரிவாக அமைந்துள்ளது. 2021 பிப்ரவரி 11 இல் உச்ச நீதிமன்றம், கை எழுத வராத நோயுள்ள விகாஷ் குமார் என்ற குடிமைப் பணித் தேர்வரின் வழக்கில், 40 விழுக்காடு என்ற அளவுகோலை எட்டாதவர்க்கும் எழுதுபவரின் துணை மறுக்கப்படலாகாது என்று தீர்ப்பளித்தது. அட்டவணையில் பெயரில்லாத ஏழாம் வகுப்புச் சிறுவனுக்கு அத்தீர்ப்பு நேரே பொருந்திவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சதவீதத்தைப் பார்க்குமுன் தேவையைப் பார் என்ற அதன் நோக்கு நம் பக்கம் நின்றது.

மாற்றுச் சான்றிதழ் மிரட்டலுக்கு மட்டும் நேரடியான விடை இருந்தது. 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவின்படி, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளிக்கூடத்திலிருந்து நீக்க முடியாது. 17 ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ஒரு மாதம் வெளியே நிறுத்துவது எதில் அடங்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

விண்ணப்பத்தில் சலுகை, கருணை என்னும் சொற்களை அடித்துவிட்டு, 'என் மகன் மற்றவர்களோடு சேர்ந்து கற்பதற்குத் தேவையான ஏற்பாடுகள்' என்று எழுதினோம். 'வழங்குமாறு' என்பதைச் 'செய்துதருமாறு' என்று மாற்றினோம். பணிவன்புடன் என்பதை மட்டும் விட்டுவைத்தோம்; பணிவால் எவருக்கும் இழப்பில்லை.

தலைமையாசிரியரைப் பார்க்கப் பெற்றோரோடு நாமும் சென்றோம். "வாங்க பாய், உட்காருங்க" என்று அன்போடுதான் வரவேற்றார். படித்துப் பார்த்துவிட்டு, "ஒருத்தனுக்குச் செஞ்சா நாற்பது பேரும் கேப்பாங்களே, என்ன பண்றது?" என்றார். மத்ஹபுகளின் கருத்து வேறுபாட்டை அவரிடம் விவரிப்பது பயன் தராது என்று எண்ணி, "ஐயா, கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நடக்க முடியாத பெரியவர் ஆட்டோவில் சுற்றி வருகிறார். அவரைப் பார்த்து, நடந்து வருகிறவர்கள் எல்லாரும் ஆட்டோ கேட்கிறார்களா?" என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டார். "எங்க அம்மாவே போன கார்த்திகைக்கு அப்படித்தான் சுத்தினாங்க" என்றார். அதன் பின் பேச்சு இலகுவாயிற்று. நாற்பது பேர் வகுப்பில், நாளொன்றுக்கு ஏழு பாடவேளை எடுக்கும் ஆசிரியரின் களைப்பையும் அவர் சொன்னார். அது பொய்யில்லை, நாமும் ஆசிரியரே.

கிடைத்தது பாதி. இடம் மாறியது, வெளியே நிறுத்துவது நின்றது, மாற்றுச் சான்றிதழ்ப் பேச்சு எழவில்லை. கணக்கு ஆசிரியை கணக்குகளை ஐந்தைந்தாகப் பிரித்துக் கொடுத்தார். அவருக்கு நாம் எதையும் விளக்க நேரவில்லை, அவராகவே அவ்வாறு செய்யத் தொடங்கியிருந்தார். மற்றோர் ஆசிரியர் இறுதிவரை ஒத்துக்கொள்ளவில்லை. கூடுதல் நேரத்துக்குச் சான்றிதழ் வேண்டும் என்று விட்டார்கள். மருத்துவர் மருந்தும் எழுதினார். அதைத் தொடர்வதா என்று உறவினர் ஆளுக்கொரு கருத்துச் சொல்ல, அது மருத்துவரும் பெற்றோரும் முடிவு செய்ய வேண்டியது என்று மட்டும் கூறினோம். அவ்வாண்டு அரையாண்டுத் தேர்வில் கணக்குத் தாளின் கடைசிக் கேள்விவரை அவன் எழுதியிருந்தான். மதிப்பெண் ஐம்பத்தொன்று. வடிவியல் பெட்டி நான்காவதும் தொலைந்தது.

இப்போது அவன் ஒன்பதாம் வகுப்பு. எட்டாம் வகுப்புவரை காத்த சட்டத்தின் நிழல் இனி இல்லை. அடுத்த ஆண்டு பொதுத் தேர்வு. தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளித் தேர்வர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதலும், சொல்வதை எழுதுபவரும், மொழிப்பாட விலக்கும் அரசுத் தேர்வுத் துறை நெடுங்காலமாகத் தந்துவருகிறது. அதற்கான விண்ணப்பம் மருத்துவச் சான்றோடு பள்ளிக்கூடத்தின் வழியே செல்ல வேண்டும். இவனுக்கு எழுதுபவரும் வேண்டாம், விலக்கும் வேண்டாம். அமைதியான அறையும் அந்த ஒரு மணி நேரமுமே வேண்டும். எந்தக் கட்டத்தில் குறியிடுவது என்ற கேள்வியோடு தந்தை கடையை அடைத்துவிட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் கல்வி அலுவலகத்துக்கும் அலைந்துகொண்டிருக்கிறார்.

நம் சமுதாயத்தார் இதைப் பிறருடைய பள்ளிக்கூடங்களின் குறையாக மட்டும் படித்துவிடலாகாது. கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிக்கூடங்களுக்குப் பொருந்தாது என்று 2014 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு கூறியது. 2025 செப்டம்பரில் இருவர் அமர்வொன்று அத்தீர்ப்பைப் பற்றி ஐயம் எழுப்பியிருப்பது வேறு செய்தி. மார்க்கக் கல்வியை முதன்மையாகத் தரும் மதரஸாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் 2012 ஆம் ஆண்டுத் திருத்தமே விலக்களித்துவிட்டது. அதாவது, அப்பள்ளிக்கூடத்தின் வாயிலில் நாம் எடுத்துக் காட்டிய 16 ஆம், 17 ஆம் பிரிவுகளை நம்மவர் நடத்தும் ஒரு நிறுவனத்தின் வாயிலில் எடுத்துக் காட்ட இயலாது. நிர்வாக உரிமைக்காகக் கிடைத்த அவ்விலக்கை ஒரு துள்ளும் பிள்ளையை வெளியேற்றுவதற்கும் பயன்படுத்தலாம் என்று எண்ணுவோர் நம்மிடையே இல்லை என்று நம்ப விரும்புகிறோம். இமாமத் செய்பவர் தொழுகையை இலேசாக்க வேண்டும், பின்னால் பலவீனரும் முதியவரும் இருப்பர் என்ற நபிமொழியை எல்லா இமாம்களும் அறிவர். வகுப்பு நடத்துபவரும் ஒருவகையில் இமாமே.

ஜமாஅத் கூட்டத்தில் இதைப் பேசியபோது, "மக்தபுக்கு இதெல்லாம் எதுக்கு ஹஜ்ரத், பசங்க ஒழுங்காத்தானே ஓதுறாங்க?" என்று ஒரு பெரியவர் கேட்டார். ஓதாமல் நின்றுவிட்ட பிள்ளைகளின் பெயர்களைக் கடந்த ஐந்தாண்டு வருகைப் பதிவேடுகளிலிருந்து எழுதி எடுத்து வைத்திருந்தோம். படித்துக் காட்டினோம். பதினேழு பெயர்கள். நின்றதற்கான காரணம் ஆறு பேருக்குத்தான் எவருக்கும் தெரிந்திருந்தது. மற்ற பதினோரு வீடுகளுக்கும் போய்வருவது என்று முடிவாயிற்று. நான்கு வீடுகள் முடிந்திருக்கின்றன. ஷவ்வாலில் புதிய ஆண்டு தொடங்குமுன், வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் ஒருவர் நம் உஸ்தாதுகளோடு ஒரு நாள் வந்திருந்து பேச இசைந்துள்ளார். அவர் கேட்டது ஒன்றே: அன்று மக்தபுக்கு விடுமுறை விட்டுவிட வேண்டாம், பிள்ளைகள் ஓதிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும் என்றார்.